சீனாவில் எரித்த படம்

1

போன மாதம் என் கடவுச்சீட்டுக்கு ஆயுள் முடிந்தது. இலங்கைத் தூதரகத்தில் புதியதைக் கொடுத்து, பழையதன் மூலையை வெட்டித் திருப்பித் தந்தார்கள். என் பெயர் எழுதிய காகிதத்தைக் குப்பையில் போடுகிற ஆள் நான் இல்லை. யார் கிளறி எடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அலுமாரியில் வைத்துப் பூட்டப் போனபோது மகள் தாரணி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அவளுக்கு எட்டு வயது. ஷாஃப்ஹவுசனுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் தமிழில் தொடங்குகிற வசனத்தைச் சுவிஸ் ஜெர்மனில் முடிக்கிறாள். தாயை ‘அம்மா’ என்பவள் என்னை மட்டும் ‘பாப்பி’ என்கிறாள். இங்கத்தைப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுகிற மாதிரி. அம்மாவைப் பிறந்த நாளிலிருந்து தெரியும், என்னை இங்கே வந்துதான் தெரியும். அதனால் என்னைச் சுவிஸ்காரர் பக்கம் சேர்த்துவிட்டாள் போலிருக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு நோகும்.

“பாப்பி, இதென்ன கிறுக்கல்?”

“அது சீன எழுத்து. விசா.”

“சீனாவுக்குப் போனீங்களோ? எக்ட்?” என்று, மெய்யாகவோ என்பதை ஜெர்மனில் கேட்டு, கண்ணை விரித்தாள்.

“ஓம். வேலைக்குப் போனது.”

குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி யோகத்தின் கத்திச் சத்தம் நின்றது.

“வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். பேந்து தனிய ஊர் பாக்கப் போய்ப் பொலிசிலை மாட்டுப்பட்டனீங்களாம். உங்கட கெல்லர் நத்தார் விருந்திலை சொல்லிச் சிரிச்சவர். அரைவாசிதான் விளங்கினது. நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

கெல்லர் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற சுவிஸ்காரர். நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. சீனாவில் அவரிடம் மட்டும் சொல்லி, மூன்று வருடமாக நான் மூடிவைத்த கதையை அவர் கிறிஸ்மஸ் விருந்தில் ஒரு கிளாஸ் வைனுக்கு அவிழ்த்துவிட்டிருக்கிறார். கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, இரண்டு பேருக்கும் சொல்லத் தொடங்கினேன்.

2

எனக்கு ஆட்களை நம்புகிற பழக்கம் விட்டுப்போய்க் கனகாலம். கீழ்வீட்டு அம்மா எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களைத் திரைச்சீலையை விலக்கி எண்ணுவார். அவர் எண்ணுவதை நான் மேலேயிருந்து எண்ணிக்கொண்டிருப்பேன். இப்படியே இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம்.

கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு நெசவாலையில் தறி பொருத்துகிற வேலை பார்த்தேன். தறி விற்ற சுவிஸ் கம்பனி இரண்டு வருடப் பயிற்சிக்கு அழைத்தது. யோகத்தையும் கைக்குழந்தையையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்தேன். பயிற்சி முடியும் தறுவாயில், எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், ஆலையும் எரிந்தது, அதன் பக்கத்தில் நான் இருந்த அறையும் எரிந்தது. திரும்பிப் போய் எங்கே நிற்பது? கம்பனி என்னை வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்கு நடந்தேன், நடந்தேன், வெளிநாட்டவர் பொலிஸ் கந்தோருக்கு நடந்துகொண்டே இருந்தேன்.

அங்கே இருந்த அதிகாரி மரியாதையானவர். குரலை உயர்த்தமாட்டார். சம்பளம் போதுமா, வீட்டில் எத்தனை அறை, என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வருவார். ‘நடத்தை’ என்ற இடத்துக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்ப்பார். எந்த நாட்டிலாவது எந்தப் பொலிசிலாவது பெயர் பதிந்திருந்தால் விண்ணப்பம் அவ்வளவுதான் என்று எனக்கு முதலே சொல்லியிருந்தார். நான் பேருந்தில் டிக்கட் இல்லாமல் ஒரு தரிப்பிடம்கூடப் போனதில்லை. பாதசாரிக் கடவையில் பச்சை விளக்கு வரும்வரை மழையில் நிற்பேன். யோகமும் பிள்ளையும் வருவது என் நடத்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான், எண்பத்தாறில், கம்பனி என்னையும் கெல்லரையும் சீனாவுக்கு அனுப்பியது. கிழக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நகரத்து ஆலையில் தறிகளைப் பொருத்திக் கொடுக்கவேண்டும். எனக்கு விருப்பமே இல்லை. எங்கள் கடலில் மீன்பிடிக்காரரைத் துரத்திய பீரங்கிப் படகுகள் சீனாவில் செய்தவை என்று ஊரில் எல்லோரும் கதைப்பார்கள். கொழும்புக்கு வேண்டிய நாட்டுக்குள், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதிய கடவுச்சீட்டோடு போவதா? ஆனால் மறுத்தால் வேலை போகும், வேலை போனால் விண்ணப்பம் போகும். போனேன்.

3

சீனர்களுடைய தேசிய விடுமுறைக்கு ஆலையைப் பூட்டினார்கள். கெல்லர் ஹோட்டலில் பியரோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அறைக்குள் இருக்க முடியவில்லை. டெலிபோனில் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கேட்டதிலிருந்து அந்த அறையில் எனக்கு நித்திரையும் இல்லை. ஆலையின் மொழிபெயர்ப்பாளர், பேருந்தில் அரைநாள் தூரத்தில் வாய்க்கால்களும் கல்பாலங்களும் உள்ள சின்ன ஊர் ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று அனுமதிக் கடிதம் எடுத்துத் தந்தார். இந்த ஆள் ஏன் என்னை ஹோட்டலிலிருந்து கிளப்பப் பார்க்கிறார் என்று ஒரு யோசனை வந்தது. ஆனாலும் புறப்பட்டேன்.

ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

வடிவான ஊர்தான். வீடுகளின் பின்வாசல் படிகள் நேரே வாய்க்காலுக்குள் இறங்கின. பெண்கள் படிகளில் உட்கார்ந்து கீரை கழுவினார்கள். தெருவில் நெல்லைப் பரப்பியிருந்தார்கள், எங்கள் பேருந்து அதன்மேல் ஏறிப் போனதற்கு ஒருவரும் கோபிக்கவில்லை. கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி யாருக்கோ எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது.

நான் இறங்கியதும் தெருவே நின்றுவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை, பார்த்தார்கள். நான் நடந்தால் பின்னால் நடந்தார்கள். நூடில்ஸ் கடையில் இருந்தால் கடையைச் சுற்றி நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவன் இறங்கி, அதை உருட்டிக்கொண்டு பாலத்துக்குப் பாலம் என் பின்னாலேயே வந்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்கள், இவன் ஆள் வேறு என்று முடிவு கட்டினேன். என் கை தன்பாட்டில் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

பையில் ஒரு படம் இருந்தது.

அந்த வருடத் தொடக்கத்தில், தாரணியை முதல்முதல் பள்ளிக்கூடம் அனுப்பிய நாளில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை, புதுச் சப்பாத்து. அவள் கையைப் பிடித்துக்கொண்டு யோகத்தின் தம்பி செல்வன், இடுப்பில் சாரம், காலில் ரப்பர்ச் செருப்பு. பின்னால் எங்கள் வீட்டு மதில், மதிலில் ஓர் இயக்கத்தின் நோட்டீஸ். யாழ்ப்பாணத்தில் அப்போது நோட்டீஸ் ஒட்டாத மதில் எங்கே இருந்தது? தபாலில் போடப் பயந்து, பிரான்சுக்கு வந்த ஒருவரின் கையில் யோகம் கொடுத்தனுப்பியிருந்தாள். ஐந்து வயதில் என் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று நான் கண்டது அந்தப் படத்தில்தான்.

படம் எடுத்து மூன்று மாதத்தில் செல்வன் இயக்கத்துக்குப் போய்விட்டான். அடுத்த வருடம் செத்துப்போனான். உடல் வீட்டுக்கு வரவில்லை.

அப்படிப்பட்ட படத்தை ஏன் சீனாவுக்குக் கொண்டுபோனாய் என்று நீங்கள் கேட்பீர்கள். ஷாஃப்ஹவுசனில் என் அறையில் என்னோடு மூன்று பொடியன்கள் இருந்தார்கள், புதிதாக வந்தவர்கள். எவன் எந்த இயக்கம், எவன் யாருக்கு எழுதுகிறான் என்று எனக்குத் தெரியாது. அவர்களை நம்பிப் பெட்டியில் விட்டுவிட்டு வரப் பயந்துதான் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

4

விருந்தினர் விடுதியில் சாவிக்கொத்தோடு ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாததால், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் வாத்தியாரை அழைத்து வந்தார்கள். மெலிந்த மனிதர், ஐம்பது வயதிருக்கும், ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பதுபோல் பேசுவார்.

“நீங்கள் எந்த நாடு?”

“ஸ்விட்சர்லாந்து.”

அது தானாக என் வாயில் வந்தது. சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்வந்த யாழ்ப்பாணத்தான் எவனுக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டால் நாக்கு சொந்த ஊரை விட்டுவிடும். வேலை செய்கிற ஊரைச் சொல்லும், மாமன் கடை வைத்திருந்த ஊரைச் சொல்லும். முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அடுத்த நிமிடமே கடவுச்சீட்டைக் காட்டவேண்டும் என்பதுகூட அந்த நேரம் மூளைக்கு எட்டவில்லை.

வாத்தியார் கடவுச்சீட்டை விரித்தார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இதில் வேறு நாடு இருக்கிறதே,” என்றார்.

நான் அனுமதிக் கடிதத்தையும் நீட்டி விளக்கம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது. சாவிக்காரி எங்கேயோ போனாள். வரும்போது ஒரு பொலிஸ்காரரோடு வந்தாள். அவருடைய சட்டை பச்சை நிறம், எங்கள் ஊரில் ஆமி போடுகிற மாதிரிப் பச்சை. அவர் கடவுச்சீட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு ஏதோ சொன்னார்.

“விசாரித்துவிட்டுத் தருவாராம்,” என்றார் வாத்தியார். “நீங்கள் அறையில் இருங்கள்.”

விசாரித்துவிட்டு விடுகிறோம். இதைக் கேட்டு எங்கள் ஊரில் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருக்கிற தாய்மார் எத்தனை பேர். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். என் தலை எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். இந்த ஆள் மேலிடத்துக்கு டெலிபோன் பண்ணுவார். மேலிடம் கொழும்பைக் கேட்கும். கொழும்பு பெயரைப் பார்த்ததும் இவனைச் சோதித்துப் பார் என்று சொல்லும். பையிலிருந்து படம் வெளியே வரும். படத்தில் செல்வன் நிற்கிறான், பின்னால் நோட்டீஸ் இருக்கிறது. பிறகு யாழ்ப்பாணத்தில் யோகத்தின் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். சுவிசில் என் பெயர் பொலிசில் பதிந்தவன் பெயராகிவிடும். கொழும்பிலிருந்து சீனாவுக்கும் சீனாவிலிருந்து சுவிசுக்கும் ஒரு கயிறு கட்டி, அதன் நடுவில் என் பெண்சாதியையும் பிள்ளையையும் நானே தொங்கவிட்டேன்.

நோட்டீசை வெட்டி எறியலாமா என்று பார்த்தேன். வெட்டினால் செல்வனின் தலையும் போகும். அவனை வெட்டினால் பிள்ளையின் கை போகும். அறையில் பூப்போட்ட எனாமல் பேசின் ஒன்று இருந்தது, முகம் கழுவ. படத்தை அதில் வைத்து நெருப்புக்குச்சியைக் கிழித்தேன். பிள்ளையின் முகம் சுருண்டுபோகும்போது நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

படத்தாள் நாறும் என்பதை மறந்துபோனேன். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் கதவிடுக்கால் போயிருக்கவேண்டும். சாவிக்காரி தட்டாமல் கதவைத் திறந்தாள். பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பேசினைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

5

பொலிஸ்காரரும் வாத்தியாரும் திரும்பி வந்தபோது பேசின் பொலிஸ்காரர் கையில் இருந்தது. என் கடவுச்சீட்டு அவருடைய மேற்பையில் வெளியே தெரிய நீட்டிக்கொண்டிருந்தது. ஆலையின் மொழிபெயர்ப்பாளரை டெலிபோனில் பிடித்துக் கேட்டாயிற்று, எல்லாம் சரி, அதைத் திருப்பித் தரத்தான் புறப்பட்டாராம். அதற்கிடையில் இது.

“என்ன எரித்தீர்கள் என்று கேட்கிறார்.”

“என் மகளுடைய படம்.”

வாத்தியார் சொன்னதைக் கேட்டுப் பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

“தன் பிள்ளையின் படத்தை யார் எரிப்பார் என்கிறார்.”

வாழ்க்கையில் பொலிசுக்கு நான் சொன்ன ஒரே முழு உண்மை அது, அதை ஒருவரும் நம்பவில்லை. “எங்கள் நாட்டில் எரிப்பார்கள்,” என்றேன்.

வாத்தியார் இதை உடனே மொழிபெயர்க்கவில்லை. பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆங்கிலத்தில், எனக்கு மட்டும், மெதுவாகச் சொன்னார். “இருபது வருடத்துக்கு முன்னர், வீடு வீடாகச் சோதித்த காலத்தில், இந்த ஊரிலும் எரித்தோம். என் தாய் இப்படி ஒரு பேசினில் எரித்தார். என் தகப்பனின் படங்கள் எல்லாவற்றையும்.”

அந்த மனிதர் தன் உயிருக்குள் இருந்ததை எடுத்து என்னிடம் தந்தார். நானோ, பொறி வைக்கிறான், வாயைக் கொடுக்காதே என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பொலிஸ்காரர் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு ஒரு கெடுதல் வரக்கூடாதென்றுதான் ஊரின் பெயரை எழுதவில்லை.

பொலிஸ்காரர் சாம்பலுக்குள் விரலை விட்டுக் கிளறினார். எரியாத துண்டு ஒன்று அகப்பட்டது. படத்தின் அடிப்பக்கம். ஒரு சின்னச் சப்பாத்து, அதன் பக்கத்தில் ரப்பர்ச் செருப்புப் போட்ட ஒரு கால். சப்பாத்தை விரலால் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அவர் முகம் இளகியிருந்தது. பிள்ளை என்பதை நம்பிவிட்டார்.

“இந்த மற்றக் கால் யாருடையது என்று கேட்கிறார்,” என்றார் வாத்தியார்.

“என்னுடையது.”

பொலிஸ்காரர் என் கால்களைப் பார்த்தார். தொழிற்சாலையில் தந்த தடித்த சப்பாத்து போட்டிருந்தேன். தலையை ஆட்டினார். கடவுச்சீட்டை மேசையில் வைத்தார். எரியாத துண்டை ஒரு கடித உறைக்குள் போட்டு, மேலே ஏதோ எழுதித் தன் பையில் வைத்துக்கொண்டார். காலை முதல் பேருந்தில் என்னைப் போய்விடச் சொன்னார்.

கடவுச்சீட்டைத் தொட்டதும் எனக்கு உயிர் வந்தது. பிள்ளையின் சப்பாத்துப் போகிறதே என்ற நினைவே வரவில்லை. பேருந்து பாதி வழி வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்த ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. செல்வனை யாரென்று கேட்டால் மச்சான் என்று சொல்லியிருந்தால் போதும்.

6

கதை முடிந்தபோது தாரணி என்னை விநோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெல்லர் சிரித்த இடத்தில் அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. “எனக்குச் செல்வன் மாமாவின்ரை முகம் ஞாபகம் இல்லை,” என்றாள், முழுவதும் தமிழில்.

யோகம் குசினி வாசலில் நின்றாள்.

“அந்தப் படத்தையோ எரிச்சனீங்கள்?”

“ஓம்.”

“அது இஞ்சை இருக்கெண்டெல்லோ நான் இருந்தனான்.”

வந்து கதிரையில் இருந்தாள். கையில் இன்னும் கத்தி இருந்தது, நான் அதை வாங்கி வைத்தேன்.

“ஆமி வீடு வீடாச் சோதிச்சுக்கொண்டு வருது எண்ட உடனை தம்பியின்ரை படம் முழுக்க அடுப்பிலை போட்டனான். பள்ளிக்கூடப் படம், எங்கட கலியாண அல்பம், இந்தப் படத்தின்ரை மற்றக் கொப்பி, எல்லாம். அம்மா குளறினவ. அழாதேங்கோ அம்மா, சுவிசிலை அவரிட்டை ஒண்டு பத்திரமா இருக்கு எண்டு நான்தான் சொன்னனான். அந்தத் துணிவிலைதான் எரிச்சனான்.”

“இஞ்சை வந்தாப்பிறகு ஒருநாளும் கேக்கேல்லையே?”

“பாத்தா அழுகை வரும். ஆறுதலாப் பாப்பம், எங்கை போகப்போகுது எண்டு விட்டனான்.”

சீனப் பொலிஸ்காரருக்கு விளங்காதது, கெல்லருக்கு விளங்காதது, எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது. அதனால் அவள் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் கேட்டது வேறு. “அந்தத் துண்டு என்னாச்சு? அவன்ரை கால் இருந்த துண்டு.”

“அவங்கள் வச்சுக்கொண்டாங்கள்.”

“எழுதிக் கேளுங்கோ.”

“சீனப் பொலிசுக்கோ? இவ்வளவு காலத்துக்குப் பிறகோ?”

“ஒரு கால்தானே. அவங்களுக்கு அது என்னத்துக்கு?”

ஒரு கிழமையாக அந்தக் கடிதத்தோடு இருக்கிறேன். வழியில் உடைத்துப் பார்ப்பார்கள் என்று ஒரு நாள் யோசித்தேன். சுவிஸ் கந்தோரில் போய்ச் சேரும் என்று இன்னொரு நாள். வாத்தியாரைப் பற்றி ஒரு சொல்லும் வராமல் எழுதினேன், கிழித்தேன், கிழித்ததைப் பழக்கத்தில் எரிக்கப் போனேன். யோகம் நெருப்புப்பெட்டியை எடுத்து ஒளித்துவிட்டாள். எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் ஓர் இடத்தில் வந்து நிற்கவேண்டியிருந்தது. அன்றைக்கு என் கால் என்று சொன்னது பொய் என்று எழுதாமல் அந்தத் துண்டைக் கேட்க எனக்கு வாயில்லை. பொலிசுக்குப் போகிற காகிதத்தில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரின் பெயரை இந்தக் கை ஒருநாளும் எழுதியதில்லை.

நேற்றுப் பின்னேரம், யோகம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, எழுதினேன்: அந்தக் கால் என் மனைவியின் தம்பியுடையது. அவர் பெயர் நாகலிங்கம் செல்வகுமார். படம் எடுத்தபோது அவருக்கு வயது இருபது.